இடது கால் சிலிப்பர்

மாமா சர்ஃப் போர்டு செய்யத் தொடங்கிய வருடம், கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் ஜோடியாக ஒரு சிலிப்பர்கூட மிஞ்சவில்லை. அப்பா ஒருநாள் கைலி கட்டிக்கொண்டு, காலில் ஆபீஸ் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ரொட்டி வாங்கப் போய்வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒரு சீன முதலாளியின் பட்டறையில் ஃபைபர் கிளாஸ் தண்ணீர்த் தொட்டி செய்வது அவர் வேலை. அங்கே ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர், அலைமேல் நின்றபடி போகிற பலகை ஒன்றைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். உடைந்ததை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்த மாமா, அன்று இரவு சோற்றைப் பிசைந்த கையாலேயே அந்தப் பலகையின் வளைவைக் காற்றில் வரைந்து வரைந்து காட்டினார். ஒரு விஷயம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. பலகையின் அடியில் மீன் துடுப்பு மாதிரி நிற்கவேண்டிய ஃபின், முறிந்து கடலோடு போயிருந்தது.

“ஃபின்னுதான்க்கா ஸ்டியரிங். எத்தன வைக்கணும், எங்க வைக்கணும்னு மட்டும் தெரிஞ்சிட்டா நாமளே செஞ்சிடலாம்.”

“கிள்ளான்ல எங்கடா அலை இருக்கு? லோங்காங்லயா?” என்றாள் அம்மா.

அம்மா கேலியாகச் சொன்னதுதான் பிறகு உண்மையானது. வீட்டுக்குப் பின்னால் லோங்காங் என்கிற பெரிய சாக்கடை ஓடியது; அதில் மழை விட்டதும் நானும் அண்ணனும் சிலிப்பர் மிதக்கவிட்டுப் பந்தயம் வைப்போம். என் சிலிப்பர் எப்போதும் இடப்பக்கமாகவே ஒதுங்கிப்போய் கரைப் புல்லில் சிக்கிக்கொள்ளும். ஒருநாள் கடுப்பில் அதன் அடியைக் கீறி ஒரு ஐஸ்கிரீம் குச்சியைச் செருகிவிட்டேன். அன்று அது கொஞ்சம் நேராகப் போனது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா பேண்ட்டோடு சாக்கடையில் இறங்கி அதைப் பிடித்தார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதன்பிறகு மழை வந்தாலே ஆராய்ச்சிதான். ஒரு ஃபின், இரண்டு ஃபின், குறுக்கே ஒன்று, வாலோரமாக மூன்று. சிலிப்பர் சேகரிப்பது என் பொறுப்பு. ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்தால் அது பாதித் திருட்டுதான் என்பது அன்றைய என் சட்டம். கடைசியில் ஒரு அமைப்பு எல்லாவற்றையும் ஜெயித்தது. நடுவில் ஒன்று, வலப்புறம் மட்டும் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அம்பு மாதிரி போனது. உலகத்தில் யாரும் இப்படி வைத்திருக்கமாட்டார்கள் என்றார் மாமா. அது சரிதான்.

வேலை முடிந்தபின் பட்டறையிலேயே மிஞ்சிய நுரைக் கட்டியை அறுத்து, தேய்த்து, கண்ணாடி நார்த் துணி போர்த்தி, ரெசின் பசை ஊற்றி மாமா பலகையைச் செய்தார். உடம்பெல்லாம் அரிப்போடு வருவார். குளிக்காமல் தட்டைத் தொடக்கூடாது என்று அம்மா உத்தரவு. முதலாளி இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்களோடு பேசிப் பழகிய தமிழில் ஒரு வாக்குக் கொடுத்தார்.

“மோரிப் கடல்ல எனக்குக் காட்டு. நேரா போனா, குவாந்தான் சர்ஃப் கடைக்குச் செஞ்சு விக்கலாம். வளைஞ்சா, நீ தொட்டி செய் லா.”

ஓட்டுவதற்கு என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணனைவிட நான் இலேசு, அவனைவிட நன்றாக நீந்துவேன். சனிக்கிழமைதோறும் மாமாதான் எங்களை மோட்டாரில் நீச்சல் குளத்துக்குக் கொண்டுபோய் விடுவார். அவர் மட்டும் உள்ளே வரமாட்டார். குளோரின் வாடையில் தலை வலிக்குமாம். நாளெல்லாம் ரெசின் வாடையில் நிற்கிறவர் வாசலில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பார்.

மோரிப் கடற்கரையில் அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. முதலாளி கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றோரம் நின்றார். இடுப்பளவு தண்ணீரில் அண்ணன். அவன்வரை போய், திரும்பி, அலையோடு நேராக முதலாளியிடம் வரவேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

நான் பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளினேன். வற்றுகிற தண்ணீரும் கூடவே இழுத்தது. அண்ணனைத் தாண்டியது தெரிந்தது. நிற்க மனமில்லை. தூரத்தில் பெரிய அலைகள் வெள்ளையாகத் தெரிந்தன. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இந்தக் குட்டி அலையிலா நிற்பது என்று தோன்றியது.

“போதும்மா, திரும்பு,” என்று மாமா கத்தினார். திரும்பிப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். கத்திக்கொண்டே இருந்தாரே தவிர, அதற்குமேல் ஒரு அடி வரவில்லை.

நான் இன்னும் வேகமாகத் தள்ளினேன். பலகை கேட்கவில்லை. நான் கடலைப் பார்த்துத் தள்ளத் தள்ள அது வலப்பக்கமாகவே வளைந்தது. திட்டினேன், உதைத்தேன். அது பாட்டுக்குப் பெரிய வட்டம் போட்டு என்னைக் கரைப் பக்கம் திருப்பியது. பின்னால் வந்த அலை ஒன்று தூக்கிக்கொண்டுபோய் முதலாளியின் காலடியில் தள்ளியது. நிற்கக்கூட இல்லை. மண்டிபோட்டபடி, அழுகையை அடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

“இது நேரா போகாது லா,” என்றார் முதலாளி. பிறகு மாமாவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “ஆனா ஆளைத் திருப்பிக் கொண்டாந்துடுச்சு.”

தோற்றுப்போன மாமா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். அப்புறம் பலகையையும் கட்டிக்கொண்டார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். இவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

விஷயம் வீட்டு வாசலில்தான் வெளிப்பட்டது. அம்மா மிச்சமிருந்த சிலிப்பர்களை வரிசையாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அது என்னடி, உனக்கு இடது கால்மேல அப்படி ஒரு ஆசை? இங்க பாரு, இருக்கிறதெல்லாம் வலது காலு.”

மாமா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் இடது கால் சிலிப்பர். பிறவியிலேயே வளைந்தவை. வலப்பக்க ஃபின் சரிசெய்தது அந்த வளைவைத்தான். வளைவே இல்லாத போர்டில் அதை வைத்தால் வேறென்ன ஆகும்?

அடுத்த நாளே மாமா முதலாளியிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டார். முதலாளியும் சரி என்றார், அடுத்த ஞாயிறே வைத்துக்கொள்ளலாம் என்றார். மாமா ஒரு மாதம் வேண்டும் என்றாராம். எனக்குப் புரியவே இல்லை. ஒரு ஃபின்னை அறுத்தெடுத்துத் தேய்க்க ஒரு மத்தியானம் போதாதா?

அந்தச் சனிக்கிழமை மாமா வடைக் கடைப் பக்கம் போகவில்லை. நான் பெரிய குளத்தில் பயிற்சி முடித்து வெளியே வரும்போது, சின்னப் பிள்ளைகளின் குளத்தில், ஐந்தாறு வாண்டுகளுக்கு நடுவே மாமா. ஒரு குட்டி நுரைப் பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலைத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஓரத்தில் குந்தி, “இதுல ஃபின் எத்தன மாமா?” என்று கேட்டேன்.

அவர் மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, பாதங்களைத் தூக்கிக் காட்டினார். “ரெண்டு. ரெண்டும் இன்னும் நேரா போகல.”

நான் அண்ணனிடம் ஓடினேன். மாமா புது மாடல் ஒன்றை ரகசியமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறார், முதலாளியிடம் மூச்சு விட்டுவிடாதே என்று சொன்னேன்.