போணி

லாட்ஜில் தங்கியிருக்கிற எனக்கு நெத்திலி எதற்கு? காலையில் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மீன் விற்கும் அஞ்சலையம்மா விடமாட்டேன் என்கிறார்.

“ஒரு கை நெத்திலியாச்சும் வாங்கிக்க சார். அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள போணி ஆவணும்.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் வருகிறாள். பிரான்சிலிருந்து வந்து, பிள்ளைச்சாவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறாளாம். தமிழ் பழகுவதற்காக, தினமும் பஸ் ஏறுவதற்கு முன்னால் இங்கே வந்து ஒவ்வொரு மீனாக விலை கேட்பாளாம். மீனே சாப்பிடமாட்டாளாம்.

“மொத ஆளு வெலை கேட்டுட்டு வாங்காம போனா அன்னிக்கி யாவாரம் படுத்துரும் சார்.”

“அத அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லிடலாமேம்மா?”

“சொன்னா வெக்கப்பட்டு வராமயே பூடும். அப்பால எங்க தமிழு பழகும்?”

பணத்தை நீட்டுகிறேன். அஞ்சலையம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கும் அவள் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கிறது.

வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை என்று வரிசையாகக் கேட்கிறாள். அஞ்சலையம்மா அவசரமே இல்லாமல் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. பிறகு அவள் பார்வை என் கையிலிருக்கும் நெத்திலிப் பையில் விழுகிறது.

“இதை... எப்படி சமைப்பீங்க?”

வீட்டில் நான் வெந்நீர்கூட வைத்ததில்லை. சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிறது. அஞ்சலையம்மா என்னையே பார்க்கிறார்.

“முதல்ல... புளியைக் கரைக்கணும்” என்று மெதுவாக ஆரம்பிக்கிறேன்.