அறிக்கையில் வராத நாய்

“அதை எழுதாதடி” என்று ஃபிலோமின் பேனாவைப் பிடுங்கி, நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகி, அதன்மேல் நன்றாக அமர்ந்துகொண்டாள்.

“மதினி, அது ஆபீஸ் பேனா.”

“உங்கப்பா குடிப்பாரான்னு கேட்டா? எங்கப்பா டீ குடிப்பாரு. அதை எழுது.”

“பேனாவைக் குடுத்தாத்தானே எழுதுறதுக்கு.”

மார்சலின் மூன்று வாரமாக இந்த அடுப்படிக்கு வந்துபோகிறாள். ஒருவரிடம் கதை கேட்கப் போனால் புகையிலை கொண்டுபோவது கிரீ பூர்வகுடி மக்களிடம் முறை. ஃபிலோமின் ஒவ்வொரு தடவையும் பொட்டலத்தை மரியாதையாக வாங்கி அலமாரியில் வைத்தாள். கதை மட்டும் வரவில்லை. நாலு பொட்டலம் சேர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை ஃபிலோமினின் தம்பி ஓவிடுக்குத் தண்டனை சொல்லப் போகிறார்கள். பூர்வகுடி ஆளுக்குத் தண்டனை சொல்லுமுன், அவன் எந்த வழியாக இந்தக் கூண்டுக்கு வந்து சேர்ந்தான் என்று நீதிபதி பார்க்க வேண்டும், சிறையைத் தவிர வேறு வழி உண்டா என்று யோசிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வழியை எழுதிக்கொடுப்பதுதான் மார்சலினின் வேலை. பதினொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். முதுகு போனபின் ஆறு வாரம் ஒரு பயிற்சிக்குப் போய்வந்து இதில் உட்கார்ந்தாள். இதுவரை இருபத்தாறு அறிக்கை. ‘குற்றவாளிக்கு நீங்கள் உறவா?’ என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லாத் தடவையும் ‘இந்த ஊர்’ என்று எழுதிவிடுவாள். ஓவிட் அவளுக்கு அத்தை மகன்.

அவன் செய்தது இதுதான். உறைநிலைக்குக் கீழே நாற்பது டிகிரி இருந்த ஒரு காலை. அந்தக் குளிரில் கடைக்குப் போகிறவர்கள் வண்டியை அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி உயிர் வராது. போலீசும் அணைக்கவில்லை. உரிமம் இல்லை என்று முந்தின வாரம் ஓவிடின் வண்டியைப் பறித்து வைத்திருந்தார்கள். ஏரியில் வலை கிடந்தது. போலீஸ் வண்டியில் ஏறி, உறைந்த ஏரிமேல் ஓட்டிப் போய், மீனை எடுத்துக்கொண்டு திரும்பினான். ஓடை சேருகிற இடத்தில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. அவன் குதித்துவிட்டான். வண்டி குதிக்கவில்லை. தண்ணீருக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல்வதைப் பார்க்க ஊரே ஏரிக்குப் போனது. போலீஸ்காரர்தான் கடைசியாக வந்தார். நடந்து வர வேண்டியிருந்தது.

ஏற்கெனவே இரண்டு வழக்கு. அரசு வக்கீல் பதினாலு மாதம் சிறை கேட்கிறார். சிறை தெற்கே ஒரு பகல் தூரம். ஃபிலோமினுக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. விறகு, தண்ணீர், மீன் எல்லாம் ஓவிட்தான். அவன் போனால் அவளை நகரத்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நாலு பேர் படிக்கிற காகிதத்தில் வீட்டு அழுக்கு வருவதைவிட இல்லமே மேல் என்பது அவள் கட்சி.

மார்சலின் ஓவிடையும் கேட்டுப் பார்த்தாள்.

“மச்சான், சின்ன வயசுல பட்ட கஷ்டம் ஏதாவது?”

“உன்னைக் கட்டிக்கச் சொன்னாங்க. அது ஒண்ணுதான்.”

“எழுதிக்கிறேன். தப்பிச்சது நான்னும் எழுதிக்கிறேன்.”

இப்படியாக அறிக்கை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. குடும்பம் நல்ல குடும்பம். வீடு சுத்தம். தந்தை டீ அருந்துவார். ஒரு குறையும் இல்லாத மனிதன் போலீஸ் வண்டியை ஏரியில் மூழ்கடித்தால் நீதிபதி என்ன செய்வார் என்று மார்சலினுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பிவிட்டாள்.

நீதிமன்றம் சிறு விமானத்தில் மாதம் ஒருமுறை வந்து பிங்கோ என்ற எண் ஆட்டம் நடக்கும் கூடத்தில் இறங்கும். நீதிபதி அம்மாள் எண் பலகைக்குக் கீழே அமர்ந்தார். அறிக்கையைப் புரட்டினார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார்.

“குடும்பத்துல யாராவது பேசுறீங்களா?”

ஃபிலோமின் ஊன்றுகோலோடு எழுந்தாள். மார்சலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அம்மா, நாங்க அழுமூஞ்சிக் குடும்பம் இல்ல. சிரிச்சுச் சிரிச்சே வளந்தோம். ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேளுங்க. சர்க்கார் எங்களை விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பிடிச்சிட்டுப் போனப்ப எனக்கு ஒம்பது வயசு, இவனுக்கு ஆறு. வேலிக்கு அந்தப் பக்கம் பசங்க, இந்தப் பக்கம் பொண்ணுங்க. அங்க ஃபாதர் ஒரு நாய் வளத்தாரு. இவன் அது மாதிரியே குரைப்பான். ராத்திரி அங்கேர்ந்து இவன் குரைப்பான், இங்கேர்ந்து நான். நாய்க்கு என்னமோ சீக்குன்னு சிஸ்டர் முடிவு பண்ணி விளக்கெண்ணெய் குடுத்துட்டாங்க. நாய் பாவம், வாயே திறக்கலை! பின்னாடிதான் திறந்துச்சு. அன்னிக்கு ஃபாதர் வெள்ளை அங்கி போட்டிருந்தாரு…”

கூடம் குலுங்கியது. அரசு வக்கீல் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். போலீஸ்காரர் மறைக்கவில்லை. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் மார்சலின். இந்தக் கதையை அவள் ஒரு கல்யாணம் விடாமல், ஒரு சாவு விடாமல் கேட்டிருக்கிறாள். அங்கி கட்டம் வரும்போது எப்போதும் சிரிப்பாள்.

நீதிபதியும் சிரித்தார். பிறகு கேட்டார்.

“எதுக்குக் குரைக்கணும்? அக்கா தம்பி, வேலிகிட்ட வந்து பேசியிருக்கலாமே?”

“பேசக் கூடாதே. பசங்களோட பேசினா அடி. எங்க பாஷைல பேசினா ரெண்டு மடங்கு. இவனுக்கு வேற பாஷை தெரியாது.”

“எத்தனை நாள் அப்படி?”

“நாளா? நாலு வருஷம்மா. ஒரு குரைன்னா நல்லாருக்கேன். ரெண்டுன்னா பசிக்குது. மூணு எதுக்குன்னு மறந்துபோச்சு.”

“மூணுன்னா கூட்டிட்டுப் போ” என்றான் ஓவிட், தரையைப் பார்த்தபடி.

நீதிபதி எழுதத் தொடங்கினார். பேனா காகிதத்தில் ஓடுவது கேட்டது.

“அம்மா, அதை எழுதாதீங்க. அது ஒண்ணுமில்ல. விளக்கெண்ணெயை எழுதுங்க” என்றாள் ஃபிலோமின்.

மார்சலினுக்கு முகம் சுட்டது. மூன்று வாரம், நாலு பொட்டலம். தேடிய கதை அவளிடமே இருந்திருக்கிறது, அடுப்படி உப்புப்போலச் சாதாரணமாக. சிரிப்புக் கதை என்று தள்ளி வைத்திருக்கிறாள். இதுவரை எழுதிய இருபத்தாறு பேரிடம் எத்தனை சிரிப்புக் கதைகளைக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதாமல் எழுந்து வந்தோம் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

நீதிபதி அரைமணி நேரம் கழித்துத் தீர்ப்புச் சொன்னார். பதினாலு மாதம்தான், ஆனால் வீட்டிலேயே. இருட்டினபின் வெளியே போகக் கூடாது. வண்டியைத் தொடக் கூடாது. வலைக்கு நடந்து போகலாம். வாரம் ஒருமுறை ஊரில் பத்து முதியவர்களுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வெளியே பிங்கோவுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். ஃபிலோமின் மார்சலினின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

“பாத்தியா? நல்ல குடும்பம்னு எடுத்துச் சொன்னேன், விட்டுட்டாங்க. நீ என்னமோ அப்பன் குடிச்சாரான்னு நோண்டிக்கிட்டிருந்தே.”

“ஆமா மதினி” என்றாள் மார்சலின்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வடக்கிலிருந்து காற்று. ஓவிட் விடிந்தபின் நடந்துபோய் வலையைத் தூக்கினான். வெள்ளைமீன் பதினொன்று கிடைத்தது. பத்து வீட்டுக்குக் கொடுத்தான். மூன்றாவது வீட்டுக் கிழவர் முள் அதிகம் என்றார். ஃபிலோமின் மிச்ச மீனைச் சுட்டாள். தபாலில் மார்சலினுக்கு அடுத்த கோப்பு வந்தது: ஏரிக்கு அக்கரைப் பெண், மருமகனின் மரமறுக்கும் இயந்திரத்தை அவன் காரின் மேலேயே ஓட்டியவள். அந்த வீட்டுக்கு ஃபோன் செய்தாள். திங்கள்கிழமை வரச் சொன்னார்கள். கடைக்குப் போய்ப் புகையிலையும் ஒரு பேனாவும் வாங்கினாள்.