முன்னால் போன நாற்காலி

முன்பின் தெரியாத ஒருவரோடு என் நான்கு வயது மகளை மலையுச்சிக்கு அனுப்பியது சரியா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

போன கோடையில், சுவிஸ் நாட்டு டாவோஸில், கம்பியில் தொங்கியபடி மலையேறும் நாற்காலியில் இரண்டு பேர்தான் இருக்கலாம். கணவர் ஹோட்டல் சமையலறையில் வேலையில் நின்றார். என் கையில் கைக்குழந்தை. வரிசையில், கழுத்துச் சால்வையின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்ற ஒரு திபெத்தியர், "என்னோடு வரட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, மகளைத் தூக்கித் தன் பக்கத்தில் இருத்திவிட்டார்.

பின்னால் வந்த நாற்காலியிலிருந்து பார்த்தேன். அவர் கை அவளைப் பிடிக்கவேயில்லை. கீழே பாறைகள். "ஐயோ, பிள்ளையைப் பிடியுங்கோ!" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் திரும்பவில்லை.

உச்சியில் இறங்கியபோதுதான் கண்டேன். சால்வையால் மகளைத் தன் இடுப்போடு கட்டியிருந்தார். முன்பு டார்ஜீலிங்கில் உல்லாசப் பயணிகளின் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்தியவராம்.

"ஏன் திரும்பவில்லை?" என்று கேட்டேன்.

"நான் திரும்பினால் அவளும் திரும்புவாள்," என்றார். பிறகு சிரித்தார். "உங்கள் சத்தத்துக்கு மாடுகளே திரும்பிப் பார்த்தன."

"அம்மா, இன்னொருக்கா ஏறுவமோ? அந்த மாமாவோட!" என்றாள் மகள்.

நாங்கள் நடந்தே இறங்கினோம். அவர் முகம் மறந்துவிட்டது. அந்தத் திரும்பாத முதுகு மட்டும் மறக்கவில்லை. அடுத்த வாரம் மகளைப் பாலர் பாடசாலையில் அதே மலைக்குக் கூட்டிப்போகிறார்களாம். பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள், அனுப்பட்டுமா?