ஆகன் இல்லாத அட்டவணை

பட்டம் எடுத்து ஒரு வருடம் வீட்டில் இருந்தாயிற்று. இன்று வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் சென்டரில் முதல் வகுப்பு. ஓனருக்குப் பிடித்திருந்தால்தான் வேலை. அவர் கடைசி வாங்கில் இருந்தார்.

வகுப்புக்கு முன், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்து, ஆவர்த்தன அட்டவணையை முப்பது பிரதி எடுக்கக் கொடுத்தேன். போட்டோகொப்பிக் கடை அண்ணா தாளைச் சரியாக வைக்கவில்லை. வலப்பக்கக் கடைசி நிரல், ஈலியம், ஆகன் என்று ஒன்றோடும் சேராத விழுமிய வாயுக்கள் அத்தனையும், வெட்டுப்பட்டிருந்தன.

அங்கேயே கண்டேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். "தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்பில் குளோரீன் வந்தது. வெளி ஓட்டில் ஏழு இலத்திரன், இன்னும் ஒன்று கிடைத்தால் பக்கத்து வீட்டு ஆகன் மாதிரி நிறைந்துவிடும், அதற்காகத்தான் சோடியத்திடம் பறிக்கிறது என்று விளங்கப்படுத்தினேன்.

முன்வாங்கில் ஒருத்தி தாளைப் பார்த்தாள். "மிஸ், பக்கத்தில ஒருத்தரும் இல்லையே. அப்ப குளோரீன் ஆரைப் போல வரப் பாக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வெட்டுப்பட்ட ஓரத்தைக் காட்டினேன்.

"பேனையை எடுங்கோ. ஆரெண்டு ஓரத்தில எழுதுவம்."

ஈலியத்திலிருந்து இரேடன் வரை ஆறு பெயரையும் எழுதினார்கள்.

முடிந்ததும் ஓனர் வந்தார். "வேணுமெண்டே வெட்டிப்போட்டுக் கேக்க வச்சீங்கள், என்ன? நல்ல ஐடியா மிஸ். திங்கள்ல இருந்து வாங்கோ. மற்ற வகுப்புக்கும் இப்பிடியே கொப்பி எடுங்கோ."

"ஓம் சேர்."

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் சரியாக எடுத்துத் தாருங்கள் என்று கேட்கவே வாய் வராத நான், அதே கடையில் போய், போன முறை மாதிரியே பிழையாக எடுத்துத் தாருங்கள் அண்ணா என்று எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.