சும்மா இருந்த ரூட்டர்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனிக்கு இரண்டாவது இன்டர்நெட் லைன் போட்டுக் கொடுத்தேன். அதற்கு முந்தைய வருடம் நெட் போய், ஆஸ்பத்திரி டெண்டர் ஒன்று தவறிவிட்டது. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேலைக்கு வராத" என்று ஆபீஸில் இருக்கும் பெண்ணிடம் முதலாளி சொல்லியிருந்தார். ரோட்டில் கேபிள் அறுந்தால் அவள் என்ன செய்வாள்? கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டேன். வேறு கம்பெனி லைன், வேறு தெரு வழியாகக் கேபிள், தனி ரூட்டர், தனி யுபிஎஸ். ஒன்று போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும். முதலாளிக்குப் படம் வரைந்தே விளக்கினேன். அவளிடம் மட்டும் போகிற போக்கில், "முதல் லைன் போனா இது பாத்துக்கும்மா. மத்த நேரம் சும்மாதான் இருக்கும்" என்றேன்.

சில மாதம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் ஏணி மேல் நிற்கும்போது அவளிடமிருந்து போன்.

"அண்ணே, குழாய்க்குத் தோண்டி கேபிள அத்துட்டாவ. மூணு மணிக்கு டெண்டர் முடியுது. செல்லு நெட்டுல ஃபைல் ஏற மாட்டேங்கு."

மணி இரண்டரை.

"ரெண்டாவது பொட்டி என்னாச்சு?"

"நாந்தான் ஆஃப் பண்ணி வச்சிருந்தேன். சும்மா இருக்கும்னு நீங்கதானண்ணே சொன்னிய? சும்மா இருக்கத எதுக்கு ஓட விடணும்? ஜெனரேட்டரையும் கரண்ட் போனாத்தான போடுதோம். இப்ப ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டுப் பாக்கேன், வரவே மாட்டேங்கு."

"ஐயோ, கைய எடு!" என்று கத்திவிட்டேன். அது லைன் பிடிக்கவே சில நிமிடம் ஆகும்; அணைக்கும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். "போட்டுட்டு அப்படியே விடும்மா. செத்த நேரம் தொடாத."

அவள் மூச்சு விடுவது போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. பொட்டியில் லைட் வந்துவிட்டது என்றாள். மூன்றுக்குச் சில நிமிடம் இருக்கும்போது, "ஏறிட்டுண்ணே" என்றாள். ஏணியிலிருந்து இறங்கினேன்.

அதற்குள் முதலாளி வந்து போனை வாங்கிவிட்டார். "தானா மாறும்னிய. எவன்யா ஆஃப் பண்ணது?"

"நாந்தான் மொதலாளி. போன தடவ பாக்க வந்தப்ப ஆஃப் பண்ணிட்டு மறந்துட்டேன்."

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். தினமும் அதன் பக்கத்தில் உட்காருகிறவளை விட்டுவிட்டு, முதலாளிக்குப் படம் வரைந்தவன் நான்தானே.

அதன் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே வேலை போனது எனக்குத்தான், அவளுக்கு இல்லை.