இரண்டு கருந்துளைகளும் கன்ஃபர்ம் ஆன மாப்பிள்ளையும்

எண்பதுகளில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மாப்பிள்ளையின் தகுதி ஒரே சொல்லில் அடங்கிவிடும்: கன்ஃபர்ம். அரசாங்க வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அர்த்தம். ஆள் முசுடா, குடிகாரனா என்பதெல்லாம் அப்புறம். பக்கத்து நகரமான கிள்ளானிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவரும் கன்ஃபர்ம் ஆன குமாஸ்தா. அவர் வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய அப்பா பேசினார். அந்த மனிதர் ராகு காலம் முடியட்டும் என்று வாசலில் காருக்குள்ளேயே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"பொண்ணு யூனிவர்சிட்டில என்னமோ பண்ணுதாமே?"

நான் இயற்பியலில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஈர்ப்பு விசைக்குப் பின்னால் இன்னொரு புலமும் ஒளிந்திருக்கிறது என்று ஒரு மாற்றுக் கொள்கை சொன்னது. அதைச் சோதிக்க, இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றினால் எப்படிப்பட்ட ஈர்ப்பலை கிளம்பும் என்று கணக்குப் போட்டேன். கருந்துளையில் அந்தப் புலம் ஒட்டுவதே இல்லை. பழைய கொள்கை சொன்ன அதே அலைதான் வந்தது. இனி ஒரு கருந்துளையையும் ஒரு நியூட்ரான் விண்மீனையும் ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் வித்தியாசம் தெரியும். அதைப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. இதையெல்லாம் எளிமையாகத்தான் சொன்னேன். அவர் கேசரியை மென்றுகொண்டே கேட்டார்.

"அந்த அலைய யாராச்சும் பார்த்திருக்காங்களா?"

"நேரடியா இன்னும் யாரும் பிடிக்கல அங்கிள்."

"புதுக் கொள்கையாவது கன்ஃபர்மா?"

"இல்ல. அதத்தான் சோதிக்கிறோம்."

"பழசும் சேம் ஆன்சர், புதுசும் சேம் ஆன்சர். அப்ப பழசையே வச்சிக்கலாம் லா!"

அவர் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார், அப்பாவைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு. கண்ணில் படாத ராகுவுக்காகக் காரில் வெந்தவருக்கு, கண்ணில் படாத அலை மட்டும் கேலியாகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறம் இதெல்லாம் வேணாம். டீச்சர் வேலைக்குப் போவட்டும். சீக்கிரம் கன்ஃபர்ம் ஆயிடும்."

"நிறுத்திடுவா," என்றார் என் அப்பா. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா பொழுதுபோக்குக்குத்தான் படிக்கிறா."

"நிறுத்த மாட்டேன்," என்றேன்.

"வீட்ல பேசிட்டு சொல்றோம்," என்று எழுந்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் எவரும் திரும்பிச் சொன்னதாகச் சரித்திரமில்லை. அம்மா அடுப்படியில் அழுதாள். இரண்டு நாள் என்னிடம் பேசாமல் இருந்த அப்பா, மூன்றாம் நாள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கணக்கு... இன்னொரு தடவ சரியா பார்த்தியாம்மா? வேற ஆன்சர் வந்திருந்தா அவங்க ஒத்துக்கிட்டிருப்பாங்களோ என்னமோ."

என் ஆராய்ச்சியைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.