இரண்டு ஹைக்கோர்ட்டும் ஒரு புகாரும்

பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தையல் மிஷின் போட்டிருந்த புஷ்பபாய்க்கு வாயாடி என்று பெயர். முப்பத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, மகள் ஜெஸியைத் தனியாளாக வளர்க்கிறவள் வாயில்லாமல் பிழைத்துவிட முடியுமா? அப்படிப்பட்டவள் இரண்டு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். யார் சொல்லி இருந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

புருஷன் விட்டுப்போன நாற்பது சென்ட் தென்னந்தோப்பைக் கொழுந்தன் ஜெயதாஸ் தன்னுடையது என்றான். வழக்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் போனது. இவள் பிடித்த வக்கீல் சுந்தரதாஸ். குழித்துறைக்காரர், இவளுக்கும் அவருக்கும் ஒரே கிறிஸ்தவ சபை, தமிழ்க் கூட்டங்களில் மேடை அதிரப் பேசுகிறவர். வெற்றுத் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்றார். நம்ம ஆள்தானே என்று போட்டுக் கொடுத்தாள். ஒரு ஜம்பர் துணியை வெட்டுமுன் இரண்டு தடவை அளக்கிறவள், இதை ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை.

1954 ஜூன் மாதம் வாய்தாவுக்குப் போய் நின்றால், கேஸ் முந்தின வாரமே ராஜியாகிவிட்டது என்றார் கோர்ட்டு குமாஸ்தா. தோப்பு ஜெயதாஸுக்கு, வீடு மட்டும் இவளுக்கு, முழுச் சம்மதம் என்று எழுதி, கீழே இவளுடைய கையெழுத்து. வக்கீலை எப்படி வளைத்தேன் என்று ஜெயதாஸே சந்தையில் சொல்லிச் சிரித்தான்.

அதே கோர்ட்டில் இருந்த ஒரு மலையாளி வக்கீல் மனசு கேட்காமல் வழி சொன்னார். எறணாகுளம் ஹைக்கோர்ட்டுக்குப் புகார் எழுது, விசாரித்துச் சுந்தரதாஸின் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டால் அந்த ராஜியை உடைக்க வழி பிறக்கும் என்றார். புகாரையும் அவரே எழுதிக் கொடுத்தார். தபாலில் சேர்ப்பதற்குள் ஆகஸ்டு வந்துவிட்டது. தமிழ்த் தாலூக்குகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம், துப்பாக்கிச் சூடு, ஊரெல்லாம் போலீஸ். சுந்தரதாஸைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

மறுநாளே சபை மூப்பர் வேதமாணிக்கம் புஷ்பபாயின் வீட்டுக்கு வந்தார். போராட்டத்துக்கு இந்தப் பக்கத்தில் ஆள் திரட்டுகிறவர் அவர்தான்.

“புஷ்பம், இப்பம் அதை அனுப்பப்பிடாது. அவரு ஜெயிலில கெடக்காரு. போலீஸுக்கு நாமளே கம்பெடுத்துக் குடுக்கவா?”

“எனக்க தோப்பு போச்சே அண்ணே.”

“எங்கயும் போவாது மக்கா. நம்ம தாலூக்கு தாய்த் தமிழகத்தோட சேரட்டு. பின்ன நம்ம ஹைக்கோர்ட்டு, நம்ம மொழி. நானே கூட வாறேன். கர்த்தருக்க முன்ன சொல்லுத வாக்காக்கும்.”

நம்பினாள். புகார் மிஷின் டிராயருக்குள் போனது. அதே மிஷினில் ஊர்வலத்துக்குக் கொடி கொடியாகத் தைத்தும் கொடுத்தாள். சுந்தரதாஸ் விடுதலையாகி மாலையும் கழுத்துமாக வந்தபோது கூட்டத்தில் அவளும் நின்றாள். “சுகந்தானே அக்கா?” என்று கேட்டுச் சிரித்தார் அந்தப் பெரிய மனுஷன்.

1956 நவம்பர் முதல் தேதி நாடு மொழிவாரியாகப் பிரிந்தது. குழித்துறை இருக்கிற விளவங்கோடு தாலூக்கு தமிழகத்துப் பக்கம் போனது, பாறசாலையோடு நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. களியக்காவிளையில் எல்லை. சுந்தரதாஸ் கொஞ்சமும் தாமதிக்காமல் ஆபீஸைக் குழித்துறைக்கு மாற்றி, சென்னை ஹைக்கோர்ட்டில் பெயரையும் பதிந்துகொண்டார்.

புஷ்பபாய் புகாரை எடுத்து எறணாகுளத்துக்கு அனுப்பினாள். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: அந்த வக்கீல் இப்போது எங்கள் பட்டியலில் இல்லை, சென்னைக்கு எழுதவும். சென்னைக்கு எழுதினாள். அங்கிருந்தும் பதில் வந்தது: குற்றம் நடந்ததாகச் சொல்வது வேறு ராஜ்யத்துக் கோர்ட்டில், அவர் எங்களிடம் பதியுமுன். தவிரவும், இத்தனை காலம் தாமதித்ததற்கு மனுதாரர் தக்க காரணம் காட்டவில்லை.

காரணம்! அந்த ஒரு வார்த்தையில் அவள் உடைந்துபோனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் மூப்பரை மறித்தாள். கடிதத்தை நீட்டினாள்.

“நீங்கதான் தடுத்தியன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்க அண்ணே. அது போதும்.”

மூப்பர் கடிதத்தை வாங்கவில்லை. “அது எப்படி மக்கா? அவரு அங்க பெரிய ஆளாயாச்சு. நாமளோ இங்க அனாதையா கெடக்கோம். நாளைக்கு ஒரு காரியம்னா நமக்கு அவரு வேணும் இல்லியா?”

சபையார் நின்று பார்த்தார்கள். புஷ்பபாய்க்கு அழுகை வரவில்லை, வாய்தான் திரும்பி வந்தது.

“அவன் எனக்க தோப்பை எடுத்தான். நீரு எனக்க வாயை எடுத்தீரு. அவனை விசாரிக்க ரெண்டு ஹைக்கோர்ட்டாவது உண்டு, ரெண்டும் மாட்டேன்னு சொல்லியாச்சு. உம்ம விசாரிக்க எந்த நாட்டில கோர்ட்டு உண்டு?”

மூப்பர் வெயில் ஏறுகிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.